புலாவ் உபின்: சைக்கிளை அப்புறம் பார்க்கலாம், முதலில் படகும் கம்பமும்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் நாம் கூட்டிப்போகிற இடங்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான்: மெர்லயன், செந்தோசா, கரையோரப் பூந்தோட்டங்கள், முஸ்தபா. அதில் சிங்கப்பூரின் தீவுகளில் ஒன்றான புலாவ் உபின் பெரும்பாலும் வருவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டாலும் பள்ளி முகாமுக்குப் போனேன், கொசு கடித்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விரும்பிப் போகிறவர்களும் படகை விட்டு இறங்கின கையோடு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, நேராக செக் ஜாவா சதுப்பு நிலப் பகுதிக்கு மிதித்து, வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, ஒரு இளநீர் குடித்துவிட்டு அடுத்த படகைப் பிடித்து விடுகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. உபினில் பார்க்க வேண்டியதில் பாதி, படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள்ளேயே இருக்கிறது. கொண்டுபோய் விடுகிற அந்தப் படகும், அது போய் நிற்கிற சின்னக் கம்பமும்தான் (கம்பம் என்றால் இங்கே கிராமம்) இந்தப் பயணத்தின் உயிர். அதனால் இந்த விமர்சனம் முக்கியமாக அந்த இரண்டையும் பற்றியது.

போகிற வழி சுலபம். தெம்பனிஸிலிருந்து 29-ஆம் எண் பேருந்து, தானா மேரா பக்கமிருந்து 2-ஆம் எண், இரண்டும் சாங்கி வில்லேஜில் போய்த்தான் நிற்கும். அங்கேயே ஸ்ரீ ராமர் கோவில் இருக்கிறது. காலையில் போனால் அனுமாரைக் கும்பிட்டுவிட்டு, உணவங்காடி நிலையத்தில் பசியாறிவிட்டு, படகு முனையத்துக்கு நடந்தே போய்விடலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முனையத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: அதே இடத்திலிருந்து ஜோகூரின் பெங்கராங்குக்கும் படகு போகிறது. அதற்குக் கடப்பிதழ் வேண்டும், குடிநுழைவுச் சோதனை உண்டு. உபின் சிங்கப்பூருக்குள்ளேயே இருப்பதால் எதுவும் வேண்டாம், உபின் வரிசையில் நின்றால் போதும்.

இனி படகு. பம்போட் என்று எல்லோரும் சொல்கிற மரப்படகு. கால அட்டவணை கிடையாது, முன்பதிவு கிடையாது, செயலி கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், அவ்வளவுதான். ஒருவருக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிள் கொண்டுபோனால் அதற்குத் தனியாக 2 வெள்ளி. காத்திருக்க முடியாது, இரண்டே பேர்தான் இருக்கிறோம், ஆனால் உடனே போக வேண்டும் என்றால் 12 பேருக்கான 48 வெள்ளியை நீங்களே கொடுத்தால் படகு உங்களுக்கு. சனி, ஞாயிறு காலையில் காத்திருப்பே இருக்காது, ஒரு குடும்பமும் ஒரு சைக்கிள் கூட்டமும் வந்தாலே ஆள் சேர்ந்துவிடும். வார நாள் மத்தியானத்தில் போனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. எட்டுப் பேர் இருக்கிறோம், இன்னும் நாலு பேர் வேண்டும் என்கிற நிலையில் அதுவரை முகம் பார்க்காதவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். மீன் பிடிக்கப் போகிற மலாய்க்காரர் ஒருவர், கோவிலுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிற சீன ஆன்ட்டி ஒருவர், பறவை பார்க்கப் பெரிய கேமராவோடு வந்த ஒருவர் என்று கலவையான கூட்டம். சில சமயம் மிச்ச இடத்துக்கான காசைப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று யாராவது கேட்பார்கள், சேர்ந்து முடிவெடுப்போம். எம்ஆர்டி ரயிலில் வருடக்கணக்காக ஒரே பெட்டியில் போனாலும் நடக்காதது இங்கே கால் மணி நேரத்தில் நடக்கிறது.

ஏறுகிற இடம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. படகு அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், துறைப் படிக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி, பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்கள் உரசிக் கிறீச்சிடும். நான் என் அத்தையை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவை, கூட்டிப்போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி உண்டு. படகோட்டும் அங்கிள் ஒன்றும் பேசவில்லை. அத்தையின் கையைப் பிடிக்காமல் தன் முன்னங்கையை நீட்டினார், அத்தையே அதைப் பற்றிக்கொள்ளட்டும் என்பது போல. படகு கீழே போகும் வரை பொறுத்து, அது மேலே எழும்பித் துறையோடு சமமாக வந்த நொடியில் தலையை அசைத்தார். அத்தை கால் எடுத்து வைத்தார், உள்ளே இருந்தார். ஒரு தள்ளு, ஒரு இழுப்பு கிடையாது. காலமெல்லாம் இதையே செய்துவரும் கைக்குத்தான் அந்த நேரக்கணக்கு தெரியும். இந்தச் சேவையின் தரம் என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே இரண்டு பக்கமும் பலகை இருக்கைகள், மேலே கூரை, உயிர்காப்பு மேலங்கிகள் பார்வையில் படும்படி இருக்கும். நீச்சல் தெரியாத பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் எடுத்து மாட்டிவிடுங்கள். டீசல் வாடை அடிக்கும், என்ஜின் சத்தத்தில் பேச முடியாது. வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பக்கம் உட்காருவது நல்லது. காசைப் பெரும்பாலும் நடுக்கடலில்தான் வாங்குகிறார்கள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி மாறிப் போய்ச் சேரும். சில்லறையாக வெள்ளி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

கடப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அந்த நீர்ப்பரப்புக்குப் பெயர் செராங்கூன் துறைமுகம். நம்மில் பலருக்கு செராங்கூன் என்றால் தேக்காவும் பூக்கடையும்தான் நினைவுக்கு வரும், ஆனால் கடல் வரைபடத்தில் அந்தப் பெயர் இங்கே, சாங்கிக்கும் உபினுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மிதக்கும் மீன் பண்ணைகள், தூரத்தில் ஜோகூர் கரை, தலைக்கு மேலே சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம். கிழக்கே ராணுவப் பயிற்சி நடக்கும் டெக்கோங் தீவு. மகனைத் தேசிய சேவைக்கு அனுப்பிய பெற்றோர் எல்லோருக்கும் அந்தப் பக்கம் பார்த்ததும் ஏதோ ஒன்று நினைவுக்கு வரும்.

இந்தப் படகு விஷயத்தில் நமக்குத் தனியாக ஓர் உறவு உண்டு என்று எனக்குத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய படகுத் தொழிலில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், அன்று சூலியாக்கள் என்று அழைக்கப்பட்டவர்கள், முன்னணியில் இருந்தார்கள். பிற்பாடு அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. 1977-இல் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கி, 1983-இல் சரக்குப் படகுகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. இன்று கிளார்க் கீயில் ஓடுபவை சுற்றுலாப் பயணிகளுக்கானவை. விளக்கு வெளிச்சத்தில் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மளிகைச் சாமான், எரிவாயு உருளை, சைக்கிள், மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு கம்பத்துக்கு அன்றாடம் போய்வருகிற பம்போட்டில் ஏற வேண்டும் என்றால் சாங்கி முனைக்குத்தான் வர வேண்டும்.

துறையில் இறங்கி நீளமான பாலத்தில் நடந்தால் கம்பம் தொடங்கிவிடும். ஒரே ஒரு முக்கியத் தெரு, தகரக் கூரை போட்ட மர வீடுகள், சைக்கிள் கடைகள், இரண்டு மூன்று உணவுக் கடைகள், கோவில், கூத்து மேடை. ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடலாம், தயவுசெய்து கடக்காதீர்கள். 1950களிலிருந்து 70கள் வரை இந்தத் தீவில் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்தார்கள். 1952-இல் தொடங்கிய பின் கியாங் என்ற சீனப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் 1985-இல் மூடப்பட்டது. இன்று தீவில் வசிப்பவர்கள் 50 பேருக்கும் குறைவு. சிங்கப்பூர்த் தலைநிலத்திலிருந்து மின்கம்பி இங்கே வருவதில்லை. நெடுங்காலம் வீட்டுக்கு வீடு டீசல் மின்னாக்கிதான், 2013-இலிருந்து கம்பத்துப் பக்கம் சூரியத் தகடுகளோடு ஒரு சிறு மின்கட்டமைப்பைச் சோதனையாக ஓட்டி வருகிறார்கள். தண்ணீருக்குக் கிணறு. அடுக்குமாடி புளோக் வீட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் உபயோகத்தில் இருக்கும் கிணற்றைச் சிங்கப்பூரில் வேறு எங்கே பார்க்கப் போகிறார்கள்?

கூத்து மேடையின் முன்னால் போய் நில்லுங்கள். இங்கே வாயாங் என்று சொல்கிற சீனத் தெருக்கூத்துக்கான நிரந்தர மேடை அது. எதிரிலேயே துவா பெக் கோங் என்ற சீனத் தெய்வத்தின் கோவில். சுற்றுலா வந்தவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டித் தற்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு நிமிடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "கூத்து மேடை. சாமி முகம் பார்த்துப் போட்டிருக்காங்க பாரு" என்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ஊரிலும் அம்மன் கோவிலுக்கு எதிரில் பந்தல் போட்டு, அம்மன் பார்க்கும்படிதான் கூத்து நடக்கும். இங்கேயும் அதே கணக்கு. முதல் பார்வையாளர் உள்ளே இருக்கிற சாமி, நாமெல்லாம் அப்புறம்தான். புத்தர்களின் விசாக தினத்தை ஒட்டி வரும் துவா பெக் கோங் திருவிழாவின்போது இந்த மேடையில் தியோச்சியூ என்ற சீன வட்டார மொழியில் கூத்து நடக்கும், தலைநிலத்துக்குக் குடிபோனவர்கள் பிள்ளை குட்டியோடு திரும்பி வருவார்கள். ஊர்த் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் போய்விட வேண்டும் என்று நினைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இந்தத் தீவின் மனிதர்களைப் பற்றிச் சொன்னால் சீனர்களோடு முடியாது. 1880களில் கல்லாங் ஆற்றுப் பக்கத்திலிருந்து எண்டுட் செனின் என்பவர் தலைமையில் மலாய்க் குடும்பங்கள் இங்கே குடியேறின. தீவின் முகாம் இடம் ஒன்றுக்கு இன்று அவர் பெயர்தான். மீன்பிடி, ரப்பர், தென்னை, இவற்றோடு எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்.

கல் விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டு போனால் தீவே வேறு மாதிரி தெரியும். உபின் முழுக்கக் கருங்கல் பாறை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே கல் உடைத்தார்கள். 1850-இல் கட்டத் தொடங்கி 1851-இல் விளக்கு ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இங்கிருந்துதான். சிங்கப்பூருக்குக் கிழக்கே 40 கிலோமீட்டருக்கும் அப்பால், பெட்ரா பிராங்கா பாறை மேல் நிற்கிற கலங்கரை விளக்கம் அது. அந்தப் பாறை யாருக்கு என்று மலேசியாவோடு வழக்கு நடந்து, 2008-இல் அனைத்துலக நீதிமன்றம் சிங்கப்பூருக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னதே, அதே பாறை. அப்புறம் 1919-இல் வேலை தொடங்கி 1924-இல் திறந்த ஜோகூர் கடற்பாலம். அதற்குக் கருங்கல் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகாரம் வாங்கவும் நாம் 170-ஆம் எண் பேருந்தில் நெரிசலில் நின்றுகொண்டு கடக்கிற அந்தப் பாலத்துக்கு அடியில் உபின் கல் கிடக்கிறது. கல் உடைத்த கடைசிக் குவாரி 1999-இல் மூடப்பட்டது. குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி இன்று ஏரிகளாக நிற்கின்றன. அவற்றில் பெக்கான் குவாரி கம்பத்திலிருந்து சில நிமிட நடைதான், சைக்கிள் வேண்டாம், முதியவர்களும் போகலாம். செங்குத்தான பாறைச் சுவர், பச்சைத் தண்ணீர், மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். அழகான ஏரி என்று மட்டும் பார்த்துவிட்டு வராமல், இவ்வளவு பெரிய பள்ளம் விழ எத்தனை பேர் எத்தனை வருடம் வெயிலில் கல் உடைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி குறைகள். சாப்பாட்டு விஷயத்தில் கம்பம் நமக்குத் தோதானது இல்லை. கடல் உணவு விரும்புகிறவர்களுக்குப் பிரச்சினை கிடையாது. ஆனால் நண்டு, மீன் எல்லாம் எடைக்கு விலை. ஒரு கடையில் நாங்கள் விலை கேட்காமல் இருந்திருந்தால் ரசீது வரும்போது திகைத்துப்போயிருப்போம். உணவுப் பட்டியலில் விலை எழுதவில்லை, கேட்டபிறகும் பதில் இழுத்து இழுத்துத்தான் வந்தது. இப்படி ஓர் ஊரை நம்பி வருகிறவர்களிடம் விலையை வெளிப்படையாக எழுதி வைக்கலாம், அது கடைக்கும் நல்லது. நம் சாப்பாட்டுக் கடை எதுவும் கண்ணில் படவில்லை. சைவக்காரர்கள் புளியோதரையோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. ஆனால் பிளாஸ்டிக் பையில் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். குரங்குகள் அந்தச் சரசரப்புச் சத்தத்துக்கே ஓடி வரும். முதுகுப் பைக்குள் வைத்து மூடுங்கள். குளிர்பானக் கடைகளில் இளநீர் நன்றாக இருக்கும், விலையும் பரவாயில்லை.

சைக்கிள் கடைகளில் வண்டியின் தரத்துக்கு ஏற்ப வாடகை. மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் நீட்டுவதை எடுத்துவிடாதீர்கள். கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து, இருக்கை உயரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். செக் ஜாவா போகிற வழியில் ஏற்ற இறக்கம் உண்டு, தளர்ந்த பிரேக்கோடு சரளைக்கல் இறக்கத்தில் வந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிதிக்க முடியாதவர்களுக்கு வேன் கிடைக்கும், ஓட்டுநரிடம் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

செக் ஜாவாவை நான் குறைத்துப் பேசவில்லை, நேரம் இருந்தால் அவசியம் போங்கள். கம்பத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், நடந்தால் முக்கால் மணி நேரம். சதுப்பு நிலக் காடு, மணல் திட்டு, கடல்புல் வெளி, பவளச் சிதறல், பாறைக் கரை என்று பல வகை நிலம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கிறது. இதைக் கடலை நிரப்பி நிலமாக்குவதாக இருந்தார்கள். பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் திரண்டு வந்து பார்த்து, எழுதி, கேட்டுக்கொண்டதில் 2001 டிசம்பரில் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். 2007-இல் பலகை நடைபாதையும் பார்வையாளர் நிலையமும் திறந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்த நடைபாதையும், 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரமும் போதும், மணலில் இறங்கி நடக்க முடியாதே என்று ஏமாற வேண்டாம். இறங்க வேண்டும் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் வழிகாட்டி நடையில் பதிவு செய்துகொண்டு, கடல் நன்றாக வற்றும் நாளில் போக வேண்டும். பார்வையாளர் நிலையமாக இருக்கிற வீடு 1930களில் ஆங்கிலேயத் தலைமை நிலஅளவையாளர் ஒருவர் ஓய்வு எடுக்கக் கட்டியது. உள்ளே கணப்பு அடுப்பு இருக்கிறது! இந்த வெக்கையில் எதற்கு என்று அத்தை கேட்டார், என்னிடம் பதில் இல்லை. புறப்படும் முன் கழகத்தின் இணையப் பக்கத்தில் எந்த நடைபாதை திறந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது சில பகுதிகளை மூடுவார்கள்.

சைக்கிளை செக் ஜாவா வாசலில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அந்த நிறுத்துமிடத்தில் காட்டுப்பன்றிகள் சாவகாசமாகச் சுற்றும். கூடையில் சாப்பாட்டை விட்டுப்போனால் அது அவற்றுக்குத்தான். பாவம் பசிக்குது போல என்று பிஸ்கெட் போடுகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். 2020-இலிருந்து சட்டம் கடுமையாகிவிட்டது, காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய விலங்குக்கு அது கேடு. அதைவிட நிமிர்ந்து மரத்தைப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் இல்லாமல் போயிருந்த இருவாட்சிப் பறவை 1994-இல் முதலில் திரும்பி வந்து தென்பட்டது இந்த உபினில்தான். கறுப்பு வெள்ளை உடல், மஞ்சள் அலகு, பறக்கும்போது சிறகுச் சத்தம் கீழே வரை கேட்கும்.

மேற்குப் பக்கம் ஒரு சின்ன மஞ்சள் நிறச் சன்னிதி இருக்கிறது, ஜெர்மன் பெண் சன்னிதி என்று சொல்கிறார்கள். வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது: முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் இங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மன் குடும்பத்தைப் பிடிக்க ஆங்கிலேயர் வந்தபோது, அந்த வீட்டுப் பெண் பின்பக்கமாக ஓடிப் பள்ளத்தில் விழுந்து இறந்துவிட்டாள், தொழிலாளர்கள் எடுத்து அடக்கம் செய்து கும்பிடத் தொடங்கினார்கள். உள்ளே பார்பி பொம்மை, முன்னால் வாசனைத் திரவியம், முகப்பூச்சு, சீப்பு, கண்ணாடி. சிலர் இதை வேடிக்கையாக எழுதுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. வாழ வேண்டிய வயதில் போய்ச் சேர்ந்த பெண்ணுக்குப் புடவையும் வளையலும் மஞ்சளும் வைத்துக் கன்னித் தெய்வமாகக் கும்பிடுகிற குடும்பங்கள் நம்மிடம் எத்தனையோ. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றோம்.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு: கம்பமும் பெக்கான் குவாரியும் மட்டும் என்றால் தாராளமாக. கழிவறை துறைக்கு அருகிலும் செக் ஜாவாவிலும் உண்டு, நடுவில் எதிர்பார்க்க வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் படகில் ஏறுவது சிரமம், இதில் யாராவது கவனம் எடுத்து ஒரு நல்ல ஏறுதளம் செய்து கொடுக்க வேண்டும் என்பது என் உண்மையான வேண்டுகோள். கொசு மருந்து, தொப்பி, தண்ணீர், மாற்றுச் சட்டை. டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் திடீரென்று வானம் இருண்டால் கம்பத்துக்குள் வந்து ஒதுங்குங்கள். இடி மின்னல் பலமாக இருந்தால் படகு சற்று நிற்கும், அதற்கும் பொறுமை வேண்டும்.

திரும்பும் படகுக்கும் அதே 12 பேர் கணக்குதான். விடுமுறை நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் துறைக்கு வருவதால் வரிசை பாலம் வரை நீளும், நாலு மணிக்கே கிளம்பிவிடுவது உத்தமம். வார நாளில் இதற்கு நேர்மாறு: சாயங்காலம் ஆள் சேராமல் காத்திருக்க நேரும், ஏழு மணி வாக்கில் படகு ஓட்டம் நின்றுவிடும், அதனால் அவசரத்துக்கு நாற்பத்தெட்டு வெள்ளி ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அடுத்த விசாகத்துக்கு அந்தக் கூத்தைப் பார்ப்பதாக முடிவாகிவிட்டது. எந்த நாள், இரவில் படகு எத்தனை மணி வரை என்பதைத் துறையில் இருக்கும் அங்கிள்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் போவோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.